ஊட்டத் தெரிந்த கைக்குத் தேய்க்கத் தெரியவில்லை

"உங்கள் மகள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மூட மாட்டேன் என்கிறாள். உடனே வர முடியுமா?" கீட்டாவிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் அலுவலகத்தில் காப்பி இயந்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளி வயதுக்கு முன்னால் பிள்ளைகளைப் பகலில் விட்டுவைக்கும் இடத்துக்கு ஜெர்மனியில் கீட்டா என்று பெயர். கோப்பையை அப்படியே விட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன். போகிற வழியெல்லாம் தாடை பூட்டிக்கொண்டது, நரம்பு இழுத்துக்கொண்டது, துருப்பிடித்த ஆணி எதையோ மிதித்திருக்கிறாள் என்று வரிசையாக நோய்களைக் கண்டுபிடித்துக்கொண்டே மிதித்தேன். நாற்பத்தேழு வயதில், தொப்பையோடு, ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக ஒருவன் வேர்க்க விறுவிறுக்க வருவதை அந்த ஊர் அதுவரை பார்த்திருக்காது. போய்ப் பார்த்தால் இனியா நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்து, ஆறிப்போன நூடுல்ஸுக்கு எதிரே வாயைப் பிளந்து வைத்திருக்கிறாள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு புகார் சொன்னாள்: "அப்பா, யாருமே ஊட்டல."

பொறுப்பாளர் பிர்கிட் என்னை ஓரமாக அழைத்து, வாயில் ஏதாவது வலியா என்று கேட்டார். எங்கள் வீட்டில் சாப்பாடுதான் வாயைத் தேடி வரும், வாய் சாப்பாட்டைத் தேடிப் போகாது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அவளுக்கு மூன்றரை வயது ஆகிறதே என்றார் பிர்கிட். ஆமாம், இன்னும் சின்னப் பிள்ளைதானே என்றேன் நான். நீங்கள் எப்போது தனியாகச் சாப்பிட ஆரம்பித்தீர்கள் என்று கேட்டார். ஏழு வயதில் என்றேன். நான் நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். உண்மையைச் சொல்லி இரண்டு நாட்டு உறவைக் கெடுப்பானேன்?

சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்கும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. கடன் வாங்கிய துளைபோடும் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறவன், நீச்சல் அடிக்கிறவன், கத்தி பிடித்து ரொட்டி அறுக்கிறவன். அந்தச் சூரன் குளியலறையில் அண்ணாந்து வாயைத் திறந்து நிற்க, ஆறடி உயர அப்பன் குனிந்து அவனுக்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். போதவில்லை. சென்னையில் பாடிப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டும் என் பள்ளித் தோழன் சேகருக்குப் போன் போட்டேன். "கத்தி புடிக்கத் தெரியுது, பிரஷ்ஷு புடிக்கத் தெரிலயா? இன்னா ஊருடா அது, மாமே!" என்றான். அதானே என்றேன். எங்கள் இனியா இரண்டரை வயதிலேயே பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே தண்ணீர் ஓடும். வெளியே வரும்போது வாயோரம் நுரை இருக்கும். அதைப் படம் எடுத்து அம்பத்தூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்புவேன். "தானே தேச்சிக்குதா! ராசாத்தி!" என்று அக்கா உருகுவாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை வளர்ப்புக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

எங்கள் ஊரில் பல் தேய்ப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வளர்ந்தது அம்பத்தூரில், வரிசையாக ஆறு குடித்தனம் இருந்த லைன் வீட்டில். அப்பாவுக்குப் பாடியில் தொழிற்சாலை வேலை. முதல் ஷிஃப்டுக்கு அவர் கிளம்பும் அவசரத்தில் வீடே ஓடும். உள்ளங்கையில் ரோஸ் நிறப் பற்பொடியைக் கொட்டிக் குழாயடிக்கு விரட்டுவார்கள். அது தித்திக்கும். பாதி பல்லுக்குப் போகும், பாதி வயிற்றுக்குப் போகும்; பல் அவ்வளவு பேராசைக்காரன் இல்லை. திரும்பி வந்ததும் அம்மா சோதனை போடுவாள்: "ஈ காட்டு." முன்பல் தெரியும். சரி, ஓடு. அவ்வளவுதான் பரீட்சை. பின்னால் இருக்கிற பல்லை யாரும் எப்போதும் பார்த்ததில்லை. அது தெரிய வேண்டுமானால் ஆ காட்ட வேண்டும். ஆ காட்டச் சொல்வது சோற்று நேரத்தில் மட்டும்தான். அப்போது எல்லார் கண்ணும் கவளத்தின் மேல் இருக்கும், கடைவாய்ப் பல்லின் மேல் இருக்காது.

இந்த மரபின் பெருமையோடுதான் இனியாவைப் பல் மருத்துவரிடம் முதல் தடவை அழைத்துப் போனேன். அவளுக்கு நான்கு வயது ஆகப் போகிறது. அந்த ஊரில் பல் முளைத்த காலத்திலிருந்தே காட்டியிருக்க வேண்டுமாம். பல்லே இரண்டுதான் இருக்கும்போது பல் மருத்துவரிடம் என்ன காட்டுவது என்று நான்தான் தள்ளிப் போட்டிருந்தேன். பல் மருத்துவர் என்றாலே நான் எதிர்த் தெருவுக்கு மாறிவிடுகிறவன் என்பதும் ஒரு காரணம். அந்த அம்மையார் இனியாவின் வாயைப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் தேய்க்கிறீர்கள் என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்தி, அவளே தேய்த்துக்கொள்வாள் என்றேன். எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து அவர் இன்னும் மெதுவாகக் கேட்டார். அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஒரு பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

'நாஹ்புட்ஸன்' என்று ஒரு சொல்லை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். பிள்ளை தேய்த்து முடித்ததும் பெரியவர் மறுபடி தேய்த்துவிடுவது என்று அர்த்தம். எழுத்துகளைச் சேர்த்துக் கோர்த்து ஒழுங்காக எழுதுகிற வயது வரும்வரை பிள்ளையின் மணிக்கட்டு பல் தேய்க்கும் அளவுக்குத் திரும்பாது, அதுவரை அது பெரியவர் வேலை என்றார். கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே பழுப்பாக ஒரு புள்ளி இருக்கிறது, சீக்கிரம் வந்து அடைத்துக்கொள்ளுங்கள் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அதுவும் பால்பல். இன்றைக்கோ நாளைக்கோ ஓய்வு பெறப் போகிற ஊழியருக்கு இப்போது எதற்குப் புது நாற்காலி என்பது என் வாதம்.

அம்பத்தூர் இனியாவுக்குச் சொர்க்கம். அங்கே யாரும் அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் பயந்து போன் செய்வதில்லை. திறந்த வாயில் எதையாவது போட்டுவிடுகிறார்கள். மளிகைக்கடையில் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்தார்கள். மாடிப்படியில் எதிரே வந்தவர்கள் எல்லாம் சாக்லேட் கொடுத்தார்கள். சோற்று வேளையில் அக்கா தரையில் உட்கார்ந்து இவளை மடியில் சாய்த்துக்கொள்வாள். "இது அத்தைக்கு ஒரு வாய், ஆ காட்டு. இது சேகர் மாமாவுக்கு ஒரு வாய், ஆ காட்டு." ஒவ்வொரு கவளமும் ஓர் உறவுக்காரர் பெயரில் உள்ளே போகும். படுத்த பிறகு சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர். "தூக்கத்துலயே குடிச்சிரும், பாவம்" என்பாள் அக்கா. மனைவிக்கு விடுப்பு கிடைக்காததால் அவள் ஜெர்மனியிலேயே இருந்தாள். அதனால் இந்தத் திருவிழாவை நிறுத்த ஆள் இல்லை. நானும் நிறுத்தவில்லை. யார் வீட்டு மகள் இப்படித் தாங்கப்படுகிறாள் என்று பார்க்கச் சுகமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லியைப் பிட்டு அக்கா "ஆ காட்டு" என்றபோது இனியா வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். வலது கன்னம் இட்லியை ஏற்கெனவே அடக்கிக்கொண்டது மாதிரி உப்பியிருந்தது. தொட்டால் சுட்டது. இத்தனை வருடமாக எதிரே வந்த கைக்கெல்லாம் திறந்த வாய், அத்தையின் கைக்கு மூடிக்கொண்டதைப் பார்த்ததும் என் இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"பால்பல்லுடா. தானா உழுந்துரும். கிராம்பு வெச்சா போதும். ஏண்டா நீ இப்டி நடுங்குற?" என்றாள் அக்கா.

நான் நடுங்கியதற்குக் காரணம் உண்டு. என் கடைவாய்ப் பால்பல்லும் தானாக விழும் என்றுதான் விட்டு வைத்தார்கள். அது விழவில்லை, வீங்கியது. அப்பா என்னைப் பாடியில் ஒரு பல் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார். நாற்காலியில் அமுக்கி இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள், ஒருவர் பல்லைப் பிடித்தார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் முளைக்க வேண்டிய பல் இடம் கிடைக்காமல் வரிசைக்கு வெளியே தலை நீட்டியது. சேகர் எனக்கு 'டபுள் டெக்கர்' என்று பெயர் வைத்தான். பள்ளி முடியும்வரை அதுதான் என் பெயர். இன்றைக்கும் நான் போட்டோவில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவன். பேச்சில் இவ்வளவு சேட்டை செய்வதே, எதிராளி சிரிக்கிற நேரத்தில் என் வாயைப் பார்க்கமாட்டான் என்கிற கணக்கில்தான். அந்த நாற்காலியும் அந்தக் கைகளும் இப்போது என் மகளுக்காகக் காத்திருக்கின்றன என்று தோன்றியது.

சேகருக்குப் போன் செய்தேன். ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு ஓடி வந்தவன் முதலில் என்னைத்தான் பார்த்தான். "இன்னா மாமே, பல்லு நோவு புள்ளைக்கா, உனக்கா? அது கம்னு கீது, நீதான் அழுவுற."

"வீக்கம் கண்ணுக்கு ஏறிட்டா? மூளைக்குப் போயிட்டா?"

"போறதுக்கு உன் வம்சத்துல மூள இருந்தாத்தானே. ஏறு வண்டில."

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துப் பக்கம், செல்போன் கடைக்கு மேல்மாடியில் ஒரு பல் மருத்துவமனை திறந்திருந்தது. மருத்துவர் முப்பது வயதுப் பெண். கூடவே வந்திருந்த அக்கா இனியாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் உதட்டைப் பூட்டிக்கொண்டாள். நான் தமிழில் கெஞ்சினேன். ஜெர்மனில் "முண்ட் அவுஃப்" என்று வாய் திறக்கச் சொன்னேன். பொம்மை வாங்கித் தருகிறேன், நாய்க்குட்டி வாங்கித் தருகிறேன், ஒட்டகம் வாங்கித் தருகிறேன் என்று விலையை ஏற்றிக்கொண்டே போனேன். ஒட்டகம் வரைக்கும் போகிற அப்பன் எவ்வளவு பெரிய ஆபத்தை மறைக்கிறான் என்று பிள்ளைக்குத் தெரியாதா? பூட்டு இன்னும் இறுகியது.

"சார், முதல்ல நீங்க மூச்சு விடுங்க" என்றார் மருத்துவர். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "வீட்ல யார் தேச்சு விடுறீங்க?"

அவளே தேய்த்துக்கொள்வாள் என்ற பெருமை பழக்கதோஷத்தில் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். வெளிநாட்டு விநோதம் என்று நான் ஒதுக்கிவிட்டு வந்த கேள்வி, செல்போன் கடைக்கு மேலே, அம்பத்தூர்த் தமிழில், அப்படியே கேட்கப்படுகிறது. இரண்டு நாடுகளையும் எதிரும் புதிருமாக நிறுத்திப் பேசியே பிழைப்பு நடத்துகிற என்னைப் போன்றவனுக்கு அது பெரிய அடி. இரண்டு நாடும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நான் மட்டும் நிற்கிறேன்.

"பால்பல்லுதானே டாக்டர், புடுங்கிட்டா வலி போயிரும்ல?" என்று அக்கா கேட்டாள்.

"முன்பல்லுனா ஆறு ஏழு வயசுல விழும்மா. இது கடைவாய்ப் பல்லு. பத்து, பதினோரு வயசு வரைக்கும் இதுலதான் அவ மெல்லணும். அடியில வர்ற புதுப் பல்லுக்கு இதுதான் இடம் புடிச்சு வெச்சிருக்கு. இப்பவே எடுத்துட்டா பக்கத்துல இருக்கறது சாஞ்சு அந்த இடத்தை அடைச்சிடும்."

"பாடி சிக்னல்ல கேப் உட்டா மாதிரி" என்றான் சேகர். "உட்டேன்னு வெச்சிக்கோ, எவனா ஒருத்தன் ஷேர் ஆட்டோவ கொண்டாந்து நொழச்சிருவான்."

"எவனா ஒருத்தன் இல்லடா, நீதான்" என்றாள் அக்கா.

மருத்துவர் சிரித்தார். ஆனால் அடுத்துச் சொன்னதில் சிரிப்பு இல்லை. இன்றைக்கே உள்ளே பார்த்துச் சீழை வடித்துவிட்டால் பல்லைக் காப்பாற்றப் பார்க்கலாம். வாயே திறக்கவில்லை என்றால் பெரிய மருத்துவமனையில் மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் திறந்துவிடலாமே என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். மருத்துவரே சொல்லிவிட்டார்: "புடிச்சு அமுக்கி நான் பண்ண மாட்டேன் சார். இன்னிக்கு அமுக்கினா ஆயுசுக்கும் இந்தப் பக்கம் வர மாட்டா. மொதப் பல்லு வந்ததும், போனாப் போகுதுன்னா மொதப் பொறந்தநாளுக்குள்ள ஒரு தடவ, சும்மா இந்த நாற்காலில உக்காந்து ஆடிட்டுப் போயிருந்தா இன்னிக்கு இவளுக்கு நான் சிநேகிதி. வலி வந்தப்புறம் கூட்டிட்டு வந்தா நான் வில்லிதானே?" நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்த அம்மாள் பிறந்து பாடியில் கடை வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

அப்போது அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் போனாள். வலது கையின் ஐந்து விரலையும் குவித்தாள். கையில் சோறு இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கையைக் கவளம் உருட்டுவது போல உருட்டி, இனியாவின் வாய்க்கு முன்னால் கொண்டுபோனாள்.

"இது அத்தைக்கு ஒரு வாய். ஆ காட்டு."

இனியா அந்த விரல்களைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அ" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு "ஆ."

மருத்துவர் கெட்டிக்காரர். அக்காவின் கை விலகிய அதே வழியில் சிறு கண்ணாடியை உள்ளே விட்டு, "இது கண்ணாடி மாமாவுக்கு ஒரு வாய்" என்றார். அடுத்தது மரத்துப்போக வைக்கும் களிம்புக்கு ஒரு வாய், தண்ணீர் அடிக்கிற குழாய்க்கு ஒரு வாய். ஊசி வந்தபோது மட்டும் அதன் பெயரைச் சொல்லாமல் "சேகர் மாமாவுக்கு" என்றார். இனியா ஒரு நொடி வீறிட்டாள், ஆனால் மூடவில்லை. ஊசியைப் பார்த்ததும் அறை ஒரு பக்கமாகச் சாய்வது போல எனக்குத் தெரிந்தது. "டாக்டர், இவனுக்கும் ஒரு சேரு போடுங்க, ஆளு போறான்" என்று சேகர் கத்தியது கேட்டது. நான் தரையில் உட்கார்ந்து, தலையை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, மகளின் சிகிச்சைக்குத் தைரியமாகத் துணை இருந்தேன்.

பல் பிழைத்தது. மருந்தில் வீக்கம் வடிந்தது. அடுத்தடுத்துப் போனபோது வேருக்குள்ளே சுத்தம் செய்து, மேலே வெள்ளி நிறத்தில் ஓர் உலோக உறை மாட்டினார்கள். பக்கத்துப் பல்லில் இருந்த சிறு குழியையும் அடைத்துவிட்டார்கள். முதல் தடவை போய்விட்டு வீட்டுக்கு வந்ததுமே அக்கா, "ரெண்டு புள்ள பெத்து வளத்துட்டேன். எத்தினி வாயி சோறு போட்டிருப்பேன். உள்ள இன்னா கீதுன்னு ஒருநாளு எட்டிப் பாக்கலியேடா" என்றாள். அன்றைக்குச் சர்க்கரைப் பால் சாயங்காலத்துக்கு மாறியது. படுக்கப் போகும் முன் அக்கா வழக்கம் போலத் தரையில் உட்கார்ந்து இனியாவை மடியில் சாய்த்து, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்த பிரஷ்ஷை எடுத்தாள். ஊட்டுகிற அதே உட்காரல், அதே கை, அதே சொல். இது அத்தை பல்லு, ஆ காட்டு. இது அப்பா பல்லு, ஆ காட்டு. வெள்ளி உறை போட்ட பல்லுக்குச் சேகர் மாமா என்றே பெயர் நிலைத்துவிட்டது. "நம்ம குடும்பத்துலயே வெள்ளிப் பூண் போட்டவன் நாந்தான்" என்று அவன் பாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஏழு வயதுவரை சோறு ஊட்டுகிற நாம், இரண்டரை வயதில் பிரஷ்ஷைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். அவர்களோ ஒரு வயதில் கரண்டியைக் கொடுத்துவிட்டு, எட்டு வயதுவரை பிரஷ்ஷை விடுவதில்லை. ஆளுக்கு ஒன்றில் பிள்ளையை நம்புகிறோம், ஆளுக்கு ஒன்றில் கையைப் பிடித்துக்கொள்கிறோம். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. டபுள் டெக்கர் வாயை வைத்துக்கொண்டு யாருக்கு நியாயம் சொல்வது? ஆனால் இதைப் படிக்கிற நீங்கள் அம்பத்தூரில் இருந்தாலும் சரி, என்னைப் போல அம்பத்தூரைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு எங்கோ இருந்தாலும் சரி, இன்றைக்கு உங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது கவளம் போன பிறகு ஒரு நொடி உள்ளே எட்டிப் பாருங்கள். அந்தப் பல்லுக்கு இன்னும் பல வருடம் வேலை இருக்கிறது.

திரும்பி வந்து சில வாரம் கழித்து, இனியாவைக் கொஞ்சம் முன்னதாகவே அழைத்துவர கீட்டாவுக்குப் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து பல் தேய்க்கிற நேரம். அவள் இப்போது அங்கே கரண்டி பிடித்துத் தானே சாப்பிடுகிறாள். வீட்டில் மட்டும் வாயைத் திறந்து காத்திருக்கிறாள். இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லித் தரவில்லை, அவளே வகுத்துக்கொண்டாள். குளியலறைக்குள் குட்டைத் தொட்டிகளுக்கு எதிரே பொன்முடிப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் இவள் கறுப்புத் தலை. ஒருவன் அவள் வாய்க்குள் விரலை நீட்டி ஏதோ கேட்க, "அது சேகர்" என்று பதில் சொன்னாள். அவன் மரியாதையோடு தலையாட்டினான். பிரஷ்ஷோடு வந்து நின்ற பிர்கிட், வரிசையைப் பார்த்து வாயைத் திறக்கச் சொன்னார். ஜெர்மனில் இல்லை. இனியா கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

"ஆ காட்டு!"

அத்தனை வாயும் ஒன்றாகத் திறந்தன. வாசலில் கோட்டும் காலணியுமாக நின்றிருந்த என் வலது கையின் ஐந்து விரலும் தாமாகக் குவிந்துகொண்டன. உள்ளே சோறு இல்லை, பிரஷ்ஷும் இல்லை. கையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.